குரனோவில் நின்ற வண்டி

தோமிசே பணிமனை
நவம்பர் 21

அக்கா,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய். சரி. இதைத் தாமாரு சானிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் ஓட்டும் காலை பத்து இருபது மணி வண்டியில் கம்பெனிப் பை போகும். பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு முப்பத்தொரு கிலோமீட்டர், மதியத்துக்குள் உன் கையில் இருக்கும். பதிலை மாலை வண்டியில் போடு. போனைவிடத் தாமதம்தான். ஆனால் கடிதத்தை நீ பாதியில் வைத்துவிட முடியாது.

விஷயம் ஒன்றுதான். டிசம்பர் பன்னிரண்டு விசாரணை. இயக்கப் பிரிவுத் தலைவர் ஒசோனோ நீ கையெழுத்துப் போட ஒரு காகிதம் தயாராக வைத்திருக்கிறார். ஒன்பதாம் தேதி காலை ஓட்டும்போது அரைத்தூக்கத்தில் இருந்தேன், குரனோவில் யாரும் ஏறவில்லை, அப்படித் தோன்றியது மட்டுமே. இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம் டிக்கெட் கொடுக்கும் வேலை, பிறகு மறுதேர்வு, பிறகு வண்டி. போடாவிட்டால் இனி கைப்பிடியைத் தொடவே முடியாது.

நடந்ததைத் திரும்ப எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்து. வெள்ளத்துக்குப் பின் பாதை திறந்து இரண்டாம் நாள். நீ ஓட்டியது மலையிலிருந்து இறங்கும் காலை முதல் வண்டி. ஆற்றிலிருந்து மூடுபனி. ஷிமோதாயில் புறப்பட்டாய், அடுத்தது நரசே. நடுவில், நரசேக்கு எழுநூறு மீட்டர் முன்னால், எட்டு வருடமாக மூடிக் கிடக்கும் குரனோ பிளாட்பாரத்தில் வண்டியை நிறுத்தினாய். கதவைத் திறந்தாய். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. கதவை மூடிக் கிளம்பினாய். நிஜ நரசே எதிரே வந்ததும்தான் உனக்கு விளங்கியது. ரேடியோவில் நீயே சொன்னாய், ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நின்றேன், ஒருவர் ஏறினார் என்று.

ஒருவர் ஏறினார் என்று சொல்லாமல் இருந்திருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும்.

வண்டியின் பதிவுக் கருவியைப் படிக்கத் தெரிந்தவன் கம்பெனியில் நான் ஒருவன். அக்காவுக்காகத் தளர்த்தி எழுதினான் என்று எவனும் சொல்லக் கூடாது. பதிவு காட்டியதைத்தான் எழுதினேன். கையெழுத்துப் போடு.

சோஹெய்

—

ஒகுகினே ஸ்டேஷன்
நவம்பர் 22

தம்பி சோஹெய்க்கு,

உன் அறிக்கையைப் பத்துத் தரம் படித்தேன். ஒரு பிழை இல்லை. காற்புள்ளிகூட அதனதன் இடத்தில் நிற்கிறது. "ஓட்டுநர் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கலாம்" என்கிற வரியை எழுதும்போது பேனா எங்கேயாவது தயங்கியதா என்று தேடினேன். நீ அச்சடித்துத்தானே கொடுத்தாய், எப்படித் தெரியும்.

இங்கே நன்றாக இருக்கிறேன். நீலச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகில் கம்பெனிப் பெயர் போட்ட மேலங்கியோடு பயணிகளுக்குக் கொடி ஆட்டுகிறேன். காலை ஆறு ஐம்பது வண்டியில் பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் மலை இறங்கிப் போன பிறகு ஊரில் சத்தமே கிடையாது. பத்து மணிக்குமேல் சுற்றுலாக்காரர்கள். அவர்களுடைய நோட்டுப் புத்தகத்தில் ஞாபகத்துக்கு ஸ்டேஷன் முத்திரை குத்துகிறேன். நேற்று ஒருத்தி என்னிடம் மூடுபனி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டாள். நான் கால அட்டவணையைப் பார்த்து ஆறு இருபது என்றேன். குறித்துக்கொண்டாள். பொய்யில்லை, தினமும் அந்த நேரம்தான். ஆற்றுக்கு மேலே முதலில் ஒரு துண்டுத் துணி மாதிரி எழும்பும். நான் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன், அது தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டே வரும். சிக்னல் போகும், மரம் போகும், கடைசியில் என் கை போகும். பிறகு எதையும் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாது. எங்கேயோ ஒரு காகம். அது மேலேயா கீழேயா என்பதுகூடத் தெரியாது.

அந்த மனிதரைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் எழுதுகிறேன். ஐம்பத்தைந்து அறுபது வயது. காது மூடும் தொப்பி. நீலத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். கதவு திறந்ததும், ஏதோ தினமும் ஏறுகிறவர் போல ஏறினார். தொப்பியைத் தொட்டு, "இன்னிக்குக் குளிரு கொஞ்சம் ஜாஸ்திதான்"னார். நான் ஆமாங்க என்றேன். பேய் குளிரைப் பற்றிப் பேசுமா, தம்பி?

கையெழுத்துப் போட மாட்டேன். நான் விழித்திருந்தேன்.

சிகுசா

பி.கு. அலமாரியின் மேல்தட்டில் என் கம்பளிக் காலுறை இருக்கும். மண்டை கனத்தவன் நீ, ஆனாலும் அனுப்புவாய் என்று தெரியும்.

—

தோமிசே
நவம்பர் 25

அக்கா,

காலுறை பையில் இருக்கிறது.

பேயைப் பற்றி நான் எங்கும் எழுதவில்லை. நீதான் அந்த வார்த்தையைப் போட்டாய். நான் சொல்வது ஒரு விஷயம். ஷிமோதாயிலிருந்து கிளம்பினாய். பாதையில் புதிதாகப் போட்ட துண்டில் நான் வைத்த வேகக் கட்டுப்பாடு மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். சரியாக இருபத்தைந்தில் வந்தாய். அது முடிந்ததும் அறுபது. பிறகு பிரேக். அந்தப் பிரேக்கைப் பார்த்தால் பயிற்சிப் புத்தகத்தில் ஒட்டலாம். ஒரு தடுமாற்றம் இல்லை, ஓர் அவசரம் இல்லை. விழித்திருக்கும் எவரும் இல்லாத ஸ்டேஷனுக்கு இப்படிப் பிரேக் போட மாட்டார்கள். எதையாவது பார்த்துத் திடுக்கிட்டு நிறுத்தியிருந்தால் கோடு செங்குத்தாக விழுந்திருக்கும். இது கை தானாகச் செய்தது. கை தானாகச் செய்தது என்றால் தலை எங்கே இருந்தது? இதைத்தான் எழுதினேன்.

அந்த ஆளையும் தேடாமல் விடவில்லை. அன்று நரசேயில் ஏறினவர்கள் ஆறு பேர். எல்லோரும் வழக்கமாக வருகிறவர்கள். ஆறு பேரையும் நானே பிளாட்பாரத்தில் நிற்க வைத்துக் கேட்டேன். ஆறு பேரும் நரசேயில்தான் ஏறினேன் என்றார்கள். வண்டிக்குள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் போன். குரனோவில் குடியிருப்பு என்பதே கிடையாது, இரண்டு வீடு, இரண்டும் பூட்டு. பிறகு யார் ஏறியிருப்பார்?

உன்னோடு சண்டை போட எனக்கு நேரமில்லை. பன்னிரண்டாம் தேதிக்கு இன்னும் பதினேழு நாள். உன்னால் ஒரு வருடம் பொறுக்க முடியாதா?

தாமாரு சான் என்னைப் பார்த்து, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன புறாவா?"ன்னார். புறாவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும் என்றேன். கோபித்துக்கொண்டார். அவரிடம் நீ ஏதாவது நல்ல வார்த்தை சொல்லு.

சோஹெய்

—

ஒகுகினே
நவம்பர் 28

தம்பி,

நேற்று சுற்றுலாப் பிரிவின் குராட்டா வந்தார். எனக்கென்று ஒரு டப்பா பருப்புருண்டை. அதைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, எதையோ கேட்கப்போகிறார் என்று.

கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறதாம். மூடுபனியில் எழும்பும் ஸ்டேஷன், அங்கிருந்து ஏறும் பயணி. வசந்தகாலம் முதல் சனிக்கிழமைகளில் ஒரு தனி வண்டி விடலாம் என்கிறார். குரனோவில் ஒரு நிமிடம் ஐம்பது விநாடி நிற்கும். கதவு திறக்கும், மூடும். ஓட்டுநர் வேறு யார், நான்தான். விசாரணையை அவர் ஒசோனோவிடம் பேசிச் சரிக்கட்டுவாராம். சனிக்கிழமை மட்டும் ஓட்ட அனுமதி.

"நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். பார்த்தேன்னு மட்டும் சொல்லுங்க. என்னத்தைன்னு கேட்டா சிரிங்க, போதும்."

நல்ல மனிதர். கம்பெனியைக் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையிலேயே நினைக்கிறார். நான் உடனே முடியாது என்று சொல்லவில்லை. உன்னிடம் மறைத்து என்ன, நேற்று பகல் முழுக்கச் சனிக்கிழமைகளை யோசித்துக்கொண்டிருந்தேன். கையுறை மாட்டிக்கொள்வேன். விரலை நீட்டி, சிக்னல் பச்சை என்று உரக்கச் சொல்வேன். கண்ணாடியில் வெள்ளை வந்து மோதும். வாரத்துக்கு ஒரு தரம். அதற்கு விலை ஒரு சிரிப்பு.

கொடி ஆட்டும்போது கை சும்மா ஆடுகிறது. வண்டி கிளம்பிப் போகும், நான் பிளாட்பாரத்தில் நிற்பேன், என் கால் மட்டும் வண்டியோடு போகும். நீ சிரிப்பாய். அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஷிமோதாய் வரைக்கும் இங்கிருந்தே போய்விடுகிறேன்.

ஆனால் பேயைப் பார்த்த பெண் என்று ஒரு தடவை ஆகிவிட்டால், பிறகு நான் பச்சை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் மாட்டேன்.

உன் கேள்விக்கும் வருகிறேன். தலை எங்கே இருந்தது என்று கேட்டிருந்தாய். நான் தூங்கவில்லை. எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்று நான்கு வந்தது. நின்றேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.

சிகுசா

—

தோமிசே
நவம்பர் 29, காலை

என்னத்தை எண்ணினாய்? எங்கே தொடங்கி? எப்போதும் நூற்று நான்கா, அன்று மட்டுமா? இன்றைக்கே எழுது. தாமாரு சான் திரும்பும் வண்டி பன்னிரண்டு நாற்பது. அவரை நிற்க வை.

சோஹெய்

—

ஒகுகினே
நவம்பர் 29, பகல்

அவசரக்காரா,

தாமாரு சான் எதிரே டீ குடித்துக்கொண்டிருக்கிறார். சர்க்கரை கரைவதற்குள் முடிக்கச் சொல்கிறார்.

ஜாயின்ட்டுகளை. தண்டவாளமும் தண்டவாளமும் சேருகிற இடத்தில் சக்கரம் டக்கென்று விழுமே, அதை. ஷிமோதாய் பிளாட்பாரத்தை விட்டதிலிருந்து நரசேக்கு நூற்று நான்கு. எப்போதும். ஒவ்வோர் ஊருக்கும் நடுவில் ஓர் எண் உண்டு, எல்லாம் எனக்குத் தெரியும். மூடுபனியில் வழிகாட்டி மரமும் தெரியாது, வீடும் தெரியாது. தொண்ணூறில் பிரேக்கைத் தொட்டால் நூற்று நான்கில் பிளாட்பாரம் வந்து நிற்கும். ஓட்ட ஆரம்பித்த மூன்றாம் வருடம் தானாக வந்த பழக்கம். மற்ற டிரைவர்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன். கேட்டதில்லை. புதுமாப்பிள்ளையிடம் குறட்டை விடுவாயா என்று கேட்கிற மாதிரி அது.

விதிப்புத்தகம் கண்ணால் பார்த்து நிறுத்து என்கிறது. காதால் ஓட்டினேன் என்று விசாரணையில் சொன்னால், தூங்கினேன் என்பதைவிட அது மோசம். தூங்கினவளுக்கு ஒரு வருடம். எட்டு வருடமாக விதியை மீறினவளுக்கு என்ன?

அன்றைக்கும் தொண்ணூறில் தொட்டேன். நூறு, நூற்றொன்று. வெள்ளைக்குள்ளிருந்து பிளாட்பார ஓரம் நீந்தி வந்தது. எண்ணும் கல்லும் ஒன்றாக வந்தால் வேறு எதைச் சந்தேகப்படுவது? ஒரு ஸ்டேஷனை நூற்று நான்கு வரை எண்ணிப் போய்ச் சேருகிறவள், அங்கே பெயர்ப்பலகையைப் பார்க்க மாட்டாள்.

இது உனக்கு மட்டும். அறிக்கையில் எழுதாதே.

சிகுசா

—

தோமிசே
டிசம்பர் 4

அக்கா,

உட்கார்ந்து படி.

உன் கடிதம் வந்தபோது நான் சேமிப்புக் கிடங்கில் இருந்தேன். படித்ததும் அங்கேயே நின்றேன். ஏனென்றால் அந்தப் பாதையைத் திரும்பப் போட்டவன் நான்.

வெள்ளத்தில் ஷிமோதாய்க்கும் குரனோவுக்கும் நடுவில் நானூற்று எழுபது மீட்டர் போயிற்று. நம் பாதை முழுக்க இருபத்தைந்து மீட்டர் தண்டவாளம். புதியது வர மார்ச் ஆகும் என்றார்கள். பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய்க்கொண்டிருந்தார்கள், பொறுக்க முடியவில்லை. பணிமனையின் பழைய பக்கப் பாதையில் பத்து மீட்டர்த் துண்டுகள் கிடந்தன. பிடுங்கிக்கொண்டு போய் அதைப் போட்டேன். பலம் சரி, அகலம் சரி, எல்லாச் சோதனையும் சரி. வேகம் மட்டும் இருபத்தைந்து என்று வைத்தேன்.

இப்போது கணக்கு. நானூற்று எழுபது மீட்டரில் இருபத்தைந்து மீட்டர்த் தண்டவாளம் என்றால் பத்தொன்பது ஜாயின்ட். பத்து மீட்டர் என்றால் நாற்பத்தேழு. அதிகம் இருபத்தெட்டு. இருபத்தெட்டை இருபத்தைந்தால் பெருக்கு. எழுநூறு மீட்டர். நரசேக்கு எழுநூறு மீட்டர் முன்னால் என்ன இருக்கிறது?

உன் நூற்று நான்கு சரி. நான்தான் நூற்று நான்கை நகர்த்தி வைத்தேன்.

அது மட்டும் இல்லை. தாளம் மாறியிருந்தால் உனக்கு உறைத்திருக்குமே என்று முதலில் நினைத்தேன். முப்பதாம் தேதி தாமாரு சானின் வண்டியில் பின்னால் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டேன். அறுபதில் ஓடும்போது இருபத்தைந்து மீட்டர்த் தண்டவாளம் ஒன்றரை விநாடிக்கு ஒரு டக். இருபத்தைந்தில் போகும்போது பத்து மீட்டர்த் துண்டும் ஏறக்குறைய ஒன்றரை விநாடிக்கு ஒரு டக். வேகம் இறங்கியது உடம்புக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றுமே மாறவில்லை. நானும் எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்று நான்கு என்று கண்ணைத் திறந்தால் குரனோவின் புல் முளைத்த பிளாட்பாரம் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. தாமாரு சான் என்னடா வெளுத்துப்போனே என்றார்.

இனி அந்த ஆள். எண்ணிக்கையில் நீ சரி என்றால் அவர் விஷயத்திலும் சரியாகத்தான் இருப்பாய். ஒன்றாம் தேதியிலிருந்து மூன்று நாள், முதல் வண்டிக்கு முன்னால் குரனோ பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாளும் மூடுபனியும் நானும்தான். அது சுற்றி வந்து மடியில் உட்காருகிறது. நேரம் போவதே தெரியவில்லை, என்னைப் போன்றவனுக்கே. மூன்றாம் நாள் பிளாட்பாரத்தின் அந்த முனையில் செருப்புச் சத்தம். காது மூடிய தொப்பி. நீலத் துணிப் பொட்டலம்.

பெயர் ஹமுரோ. மேட்டுக்கு அந்தப் பக்கம் பேரிப்பழத் தோட்டம். நரசேக்கு நடக்கக் குரனோ பிளாட்பாரத்தின் மேலேயே ஏறி வருவதுதான் குறுக்குவழி. மாதம் இரண்டு தடவை தோமிசேயில் கண் ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை. அவரை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நரசேயில் நிற்க வைத்துக் கேட்ட ஆறு பேரில் அவர் ஒருவர், அன்று தொப்பியும் பொட்டலமும் இல்லை.

"ஒம்பதாம் தேதி எங்கே ஏறினீங்க?"ன்னேன்.

"அதான் அன்னிக்கே சொன்னேனேப்பா. நரசேயில."

"எவ்வளவு நேரம் நடந்தீங்க?"

"அது என்னமோ அன்னிக்கு நடையே தெரியலை. வெள்ளையா இருந்துச்சு. பனியா என் கண்ணான்னு எனக்கு வித்தியாசம் தெரியாது. பிளாட்பாரம் கால்ல தட்டுச்சு, வண்டி நின்னுச்சு, கதவு தெறந்துச்சு. அட, வந்துட்டோம்னு ஏறிட்டேன். காலு நல்லாயிடுச்சுன்னு வீட்டுல போய்ச் சொன்னேன்."

"நடுவில் சின்னப் பாலம் வருமே, தாண்டினீங்களா?"

பொட்டலத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, "தாண்டலை" என்றார்.

ஏறிக் கொஞ்சத்தில் வண்டி மறுபடி நின்றதாம். அடுத்த ஊர் இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே, பாதையைச் சரிபண்ணி வண்டியை வேகமாக்கிவிட்டார்கள் என்று நினைத்தாராம். ஓட்டின பெண்ணிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். குளிரைப் பற்றிப் பேசினேன் என்றார்.

ஒன்பதாம் தேதிக்கு ஆஸ்பத்திரியில் பதிவு இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி நேரில் வந்து சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

நீ விழித்திருந்தாய். நான் எழுதியது தப்பு. பதிவுக் கருவியில் இருந்ததை மட்டும் எழுதியிருந்தால் தப்பில்லை. அரைத்தூக்கம் கருவியில் இல்லை, அது என் தலையில் இருந்தது. தம்பி என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் கடினமான வார்த்தையாகப் பார்த்துப் பொறுக்கினேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. இது அதுதான்.

புது அறிக்கை எழுதுகிறேன்.

சோஹெய்

—

ஒகுகினே
டிசம்பர் 5

தம்பி,

இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை படிக்கும்போது ஒரு சுற்றுலாக்காரர் என்னிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அவர் நோட்டில் முத்திரையைத் தலைகீழாகக் குத்திக் கொடுத்துவிட்டேன்.

ஆக, அவர் நரசேயில் ஏறினார், நான் நரசேயில் நிறுத்தினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இல்லாத ஊரில் இருந்திருக்கிறோம். ஒன்றரை நிமிடத்துக்குமேல். அவர் காலுக்கும் என் காதுக்கும் அது நரசேதான். எனக்கு என்னவோ, வரைபடத்தில் இல்லாவிட்டாலும் அன்று அந்த ஊர் அங்கே இருந்தது என்றுதான் படுகிறது. உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது. சொல்லியாயிற்று.

புது அறிக்கையை அனுப்பாதே. ஹமுரோ சான் வந்து சொன்னால் போதும், நான் தூங்கவில்லை என்று ஆகிவிடும். துண்டுத் தண்டவாளத்தை எழுதினால் உன்னைப் பிடிப்பார்கள். எண்ணினதை எழுதினால் என்னைப் பிடிப்பார்கள். ஏன் நின்றாய் என்றால் மூடுபனியில் பிளாட்பாரத்தைக் கண்டு ஏமாந்தேன் என்று சொல்கிறேன். அதுவும் நிஜம்தானே, ஒரு பக்கத்துக்கு. நான் சொல்வதைக் கேள். ஒரு தடவையாவது.

சிகுசா

—

தோமிசே
டிசம்பர் 6

அக்கா,

நேற்றுக் காலையே கொடுத்துவிட்டேன். உன் கடிதம் மாலை வண்டியில்தானே வந்தது.

முன்பே வந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். பாதி உண்மையை எழுதினால் வேறொரு மூடுபனியில் வேறொருவர் வேறோர் இடத்தில் நிற்பார். அங்கே பிளாட்பாரம் இருக்காது, பாலம் இருக்கும். கதவைத் திறப்பார். நீ எண்ணுகிறாய் என்றால் தாமாரு சானும் எண்ணுவார். கேட்டேன். கோபித்துக்கொண்டு, அதெல்லாம் யார் சொன்னது என்றார். பிறகு ஷிமோதாய் நரசே நூற்று நான்கு என்றார். திறந்த நாள் அன்று அந்த இடத்தில் வெயில், அதனால் தப்பினேன் என்றார்.

பன்னிரண்டாம் தேதி கேட்பதற்கு உள்ளதைச் சொல். என்னைக் காப்பாற்றப் பார்க்காதே, உனக்கு அது வராது.

சோஹெய்

—

ஒகுகினே
டிசம்பர் 13

சோஹெய்,

நேற்று நீ பக்கத்து அறையில் இருந்தாய், நான் இந்த அறையில். கதவு மூடியிருந்தது. முடிந்ததும் உன்னை மேலே கூப்பிட்டார்கள், என் வண்டிக்கு நேரமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஹமுரோ சான் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து மேஜையில் வைத்து, பாலத்தைத் தாண்டாததற்காக மன்னிப்புக் கேட்டார். குராட்டா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், அவருடைய ஆவிக்குக் கண்ணில் புரை.

பிறகு ஒசோனோ என்னைக் கேட்டார். உன் அறிக்கை அவர் முன்னால் இருந்தது, நிறையக் கோடு போட்டு வைத்திருந்தார். இனி மூடுபனியில் எண்ணாமல் ஓட்டுவாயா என்றார். ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அந்த ஆமாம் நாக்கு வரைக்கும் வந்தது, தம்பி. எனக்கு வண்டி வேண்டும். அதைவிட வேறொன்றும் வேண்டாம்.

"எண்ணாம இருக்க எனக்குத் தெரியாதுங்க. காது கேக்குது. ஆனா பெயர்ப்பலகையைப் பார்த்து, விரலை நீட்டி, பேரை உரக்கப் படிக்காம இனிமே கதவைத் திறக்க மாட்டேன்"னேன்.

அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். வெளியே மாலை நான்கு பத்து வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. அறையில் இருந்த பழைய டிரைவர்கள் எல்லோருடைய உதடும் ஒரு கணம் எண்ணுகிற மாதிரி அசைந்தது. அவருடையதும்தான். அவரும் ஒரு காலத்தில் ஓட்டினவர். தான் அசைந்ததை நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது.

தீர்ப்பு: ஒரு மாதம் மறுபயிற்சி. ஜனவரி பதினைந்தாம் தேதி முதல் வண்டி என்னுடையது.

உனக்கு என்ன ஆயிற்று? எழுது.

சிகுசா

—

குரனோ, பாதையோரம்
ஜனவரி 15

அக்கா,

பதில் ஒரு மாதம் தாமதம். எனக்கு ஆனது இதுதான். எழுத்துமூலம் கண்டனம். மார்ச் வரை மேஜை கிடையாது. முப்பத்தொரு கிலோமீட்டரையும் நடந்து ஒவ்வோர் ஊருக்கும் நடுவில் எத்தனை ஜாயின்ட் என்று எண்ணி, டிரைவர்கள் அறையில் ஒட்ட வேண்டும். இனி பாதையில் எதை மாற்றினாலும் அறிவிப்பில் அந்த எண்ணும் இருக்க வேண்டும். ஒசோனோ தண்டனையாகத்தான் கொடுத்தார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஷிமோதாயிலிருந்து நரசே இப்போது நூற்று முப்பத்திரண்டு. நேற்றே ஒட்டிவிட்டேன், நீ பார்த்திருப்பாய்.

ஒரு மாதமாக மூடுபனியில் நடக்கிறேன். நான் அவசரக்காரன் என்பது உனக்குத் தெரியும். ஐந்நூறு வரை எண்ணினால் அவசரம் போய்விடுகிறது. அதற்கு அப்பால் நடக்கிறவன் நானா, எண்ணா என்பதே தெரியாது. நீ எதில் ஓட்டிக்கொண்டிருந்தாய் என்று கொஞ்சம் புரிந்தது.

இன்று காலை குரனோ பிளாட்பாரத்தில் நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. என் பூட்ஸ் தெரியவில்லை. ஆறு ஐம்பத்தெட்டுக்குத் தண்டவாளம் லேசாகப் பாடியது. பிறகு நீ வந்தாய். விளக்கு ஒரு மஞ்சள் கறையாக வந்து, வண்டியாகி, காற்றாகிப் போனது. கண்ணாடிக்குள் உன்னைப் பார்க்க முடியவில்லை. நீயும் என்னைப் பார்த்திருக்க முடியாது. என் காலடியில் டக்கென்றது நூற்று நான்கு.

நீ நிற்கவில்லை.

வண்டி வெள்ளைக்குள் போனபின் சத்தம் மட்டும் இருந்தது. அங்கிருந்து நான் எண்ணினேன். நூற்றைந்து, நூற்றாறு. உனக்கு இப்போது எந்த இடத்தில் பிரேக் என்று நீ சொன்னதில்லை. பழைய கணக்குப்படி பதினான்கு முன்னால் என்றால் நூற்றுப் பதினெட்டு. பதினாறு. பதினேழு.

பதினெட்டில் பிரேக் விழுந்தது.

சோஹெய்